மூன்றாவது குழி

ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், என் மகள் வீட்டில் கதவு திறந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். சென்னைக்குப் பக்கத்தில் நூம்பலில் செந்தில் வீட்டுக் கதவு யாரும் வராமலே திறந்துகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்காகத்தான் எழுபத்து நாலு வயதில் கடல் கடந்து வந்தேன்.

செந்தில் என் தங்கை மகன். ஐ.டி. வேலை. அவன் அனுப்பிய வீடியோவில் படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு, உள்ளே இருப்பவர் தூங்குகிறார் என்று தெரிந்து மெல்லத் திறப்பவரைப் போல, கதவு தானாகத் திறந்து சுவரில் சாயும். கீழே எழுதியிருந்தான்: “மாமா, நீங்க சிவில் என்ஜினீயர்தானே. வந்து பாத்துட்டு ஒரு லெட்டர் குடுத்துட்டுப் போங்க. மொட்டை மாடியில புதுசா தண்ணி டேங்க் வைக்கணும். பில்டிங் ஸ்ட்ராங்கா இருக்குன்னு நீங்க சொன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க.”

நான் கதவைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த இரட்டைப் பனையைப் பார்த்தேன். அந்தப் பனைகளை எனக்குத் தெரியும்.

கடைசியில் சொல்லி வாசகரை அசத்தும் ஆசை எனக்கில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் நான் மண் பரிசோதனை நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அந்த இடத்தின் மண் எவ்வளவு தாங்கும் என்று அறிக்கை கொடுத்தவன் நான்தான். மூன்று பிளாக்குகளுக்கு மூன்று குழிகள். முதல் இரண்டு குழிகளின் கணக்கு உண்மை. மூன்றாவதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அதன்மேல்தான் ‘சி’ பிளாக் நிற்கிறது. அதன் முதல் மாடியில்தான் செந்தில் குடியிருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. வீடு வாங்குவதற்கு முன் அவன் எனக்கு போன் செய்து இடத்தின் அடையாளம் சொல்லிக் கேட்டான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால் “நல்ல இடம்தாண்டா” என்றேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸி வழியில் நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை, முன்னால் இருந்த எதுவும் நகரவில்லை. பூந்தமல்லி சாலையின் நடுவில் மெட்ரோ தூண்கள் வரிசையாக நின்றன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததை டிரைவர் கண்ணாடியில் கவனித்தார்.

“இன்னா சார், தூணு எண்றியா?”

“நான் சிவில் என்ஜினீயர். பழக்கம்.”

“என் மச்சான்கூட சிவிலுதான் சார் படிச்சான். இப்ப சோறு டெலிவரி பண்ணிகினு கீறான். மெட்ராஸ்ல ஒரு சந்து உடாம அத்துப்படி. படிப்பு வீண்போவல பாரு!”

சிரித்தேன். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். ஒருவன் பொதுப்பணித் துறையில் ஏரிகளைக் காத்தான். ஒருவன் கான்ட்ராக்டராகி ஏரிகளை நிரப்பினான். இருவர் வளைகுடா போனார்கள். ஒருவன் வங்கித் தேர்வு எழுதிக் காசாளர் ஆனான். எங்களில் நன்றாகப் படித்தவன் அந்தக் காசாளர்தான். தப்பித்தவனும் அவன்தான்.

குடியிருப்புக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றும் ஐயாயிரம் லிட்டர். கார் நிறுத்தத்தின் ஓரத்தில் கயிறு கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். வாய் இரண்டும் ‘சி’ பிளாக்கைப் பார்த்தபடி இருந்தன. “திங்கக்கிழமை மேல ஏத்தறாங்க மாமா” என்றான் செந்தில். பத்தாயிரம் லிட்டர் என்றால் பத்து டன். மனம் தானாகவே கணக்குப் போட்டது.

மதியம் செந்திலின் மனைவி வித்யா சாப்பாடு போட்டாள். முருங்கைக்காய் சாம்பார், எலுமிச்சை ரசம், வாழைக்காய் வறுவல். வெளிநாட்டில் எத்தனை கடைகளில் தேடினாலும் கிடைக்காத முருங்கைக்காய். ஆனால் என்னால் ருசிக்க முடியவில்லை. ரசம் என் தட்டில் நிற்காமல் வடகிழக்குப் பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். செந்தில், வித்யா, எட்டு வயது இனியா, மூவரும் தட்டின் அந்த ஓரத்தை இடது கை விரலால் சற்றே தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கள் அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படுக்கையறைக் கதவு திறந்தது.

“கதவு அக்கா வந்துட்டாங்க” என்றாள் இனியா, தட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

வித்யா அவள் தலையில் லேசாகத் தட்டினாள். “அப்படிச் சொல்லாதன்னு எத்தனை தடவை சொல்றேன்?” பிறகு என்னிடம், “ஹோமம்கூடப் பண்ணியாச்சு மாமா. ஒரு வாரம் சும்மா இருந்துச்சு” என்றாள்.

“அந்த வாரம் கதவுக்கு அடியில பேப்பர் மடிச்சு வச்சிருந்தோம்” என்றான் செந்தில்.

மறுநாள் அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, வீட்டில் நான் மட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் குடியிருப்பில் ஒரு சத்தமும் இருக்காது. துணி காயும் கொடிகள்கூட அசையவில்லை. குளியலறை வாளியில் நீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுவிட்டது; எதிர்ப்பக்கத்தில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. நீர் பொய் சொல்லாது. வீடுதான் சாய்ந்திருந்தது.

அப்போது வாசனை வந்தது. கோடையில் வற்றிய ஏரியின் நடுவில் சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாசனை. முதல் மாடியில், டைல்ஸ் போட்ட படுக்கையறையில். தொடர்ந்து ஒரு சத்தம். டங். இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம். சற்று இடைவெளி. மறுபடி டங்.

அது எனக்குத் தெரிந்த சத்தம். மண்ணின் பலத்தைப் பார்க்கக் குழிக்குள் ஒரு தடியை இறக்குவார்கள். தடியின் தலையில் அறுபத்து மூன்றரை கிலோ சுத்தியை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விடுவார்கள். தடி ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று ஒருவர் உரக்க எண்ணுவார். அதிகமாக எண்ணினால் மண் கெட்டி. குறைவாக எண்ணினால் மண் மோசம். இவ்வளவுதான் விஷயம். என் தொழில் வாழ்க்கை முழுவதும் அந்த எண்களின் மேல்தான் நின்றது. அன்றும் சத்தத்துக்குப் பின்னால் எண் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் எங்கும் துளை போடும் வேலை நடக்கவில்லை. மாடிப்படியில் ஒரு அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தார், அவரிடம் கேட்டேன். “சத்தமா? ஒண்ணும் கேக்கலையே சார்” என்றார். “லிஃப்ட் குழியில தவளை கத்தும். போன மழைக்குக் கெளுத்தி மீனே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் புடிச்சுட்டு வந்தார். நான் சமைக்க மாட்டேன்னுட்டேன். வீட்டுக்கு அடியில இருந்து வந்த மீனை எப்படித் திங்கறது?”

பக்கத்து மனையில் ஒரு கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் தூக்குக்குண்டை இரவல் கேட்டேன். என்னைத் தனியாக விட மனமில்லாமல் அவரும் வந்தார். மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையிலிருந்து நூலை விட்டோம். கீழே போய்ப் பார்த்தால் குண்டு சுவரைவிட்டு முக்கால் சாண் தள்ளி, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கொத்தனார் குண்டைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். “பெர்சு, நூலு தப்பா, செவுரு தப்பா?”

“நூல் எப்படியப்பா தப்பும்?”

“அப்ப நான் கெளம்பறேன்” என்று குண்டைச் சுருட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

மாலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரேவதி வந்தார். கரூர்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், சுறுசுறுப்பு. கையில் அச்சடித்த கடிதம். ‘மேற்படி கட்டடத்தை நேரில் ஆய்வு செய்தேன். உறுதியாக உள்ளது. கூடுதல் தொட்டி அமைக்கத் தடையில்லை.’ கீழே என் பெயர், பட்டம், கையெழுத்துக்குக் கோடு.

“நானும் சிவில்தான் சார்” என்றார். “ஆனா நாலு வருஷம் படிச்சு ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்ல. கேம்பஸ்ல சாஃப்ட்வேர் கம்பெனி வந்தாங்க, மொத்த கிளாஸும் அதுல ஏறிட்டோம்.”

“சர்வே கேம்ப் போனீங்களா?”

“அதை ஏன் கேக்கறீங்க! ஏலகிரியில பத்து நாள். முத நாள் மட்டும் லெவல் எடுத்தோம். மத்ததெல்லாம் ரூம்ல உக்காந்து சமைச்சதுதான். கடைசி ரீடிங்ல இருந்து பின்னாடியே போயி, கணக்கு கரெக்டா முடியற மாதிரி எழுதிடுவோம். எங்க டீம்தான் சார் ஃபர்ஸ்ட் மார்க்!” வாய்விட்டுச் சிரித்தார்.

எங்கள் காலத்திலும் அதற்குச் சமைப்பது என்றுதான் பெயர். நானும் சமைத்தேன், எனக்கும் முதல் மதிப்பெண். உண்மையாக அளந்தவர்களின் கணக்கு ஒருபோதும் சரியாக முடியாது, கொஞ்சம் உதைக்கும். சமைத்தவர்களின் கணக்குதான் அழகாக முடியும். ஆசிரியர்களுக்கு அது தெரியும். தெரிந்தே மதிப்பெண் போட்டார்கள். அந்தப் பத்து நாளில் நான் கற்ற பாடம் இருபத்தைந்து வருடம் எனக்குச் சோறு போட்டது. அவர்கள் மேல் பழி போடவில்லை. கற்றவன் நான்.

“கையெழுத்து சார்?” பேனாவை நீட்டினார்.

“ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் தருகிறேன்” என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சாட்சியின் பெயர் கன்னியப்பன். என் நிறுவனத்தில் குழி தோண்டி, சுத்தி அடிகளை எண்ணிய ஆள். அவர் பட்டாபிராமில் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்வதாக ஒரு பழைய ஊழியரிடம் கேட்டு அறிந்தேன். மூன்றாம் நாள் பூந்தமல்லியில் நாலு இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து ஆவடி போய், அங்கே ரயில் ஏறினேன். ஏறியபோது பெட்டியில் கூட்டம் இருந்தது. கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது ரயில் நின்றிருந்தது. பெட்டியில் யாரும் இல்லை.

இறங்கினேன். நீளமான நடைமேடை, உச்சி வெயில், ஒரு மனிதர் இல்லை. தண்டவாளம் சற்றுத் தள்ளி முட்புதருக்குள் போய் மறைந்தது. பெர்த்தில் ஆளில்லா நிலையங்கள் சாதாரணம். சென்னையில் ஆளில்லாத ரயில் நிலையத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கூப்பிட்டால் என் குரலே எனக்கு முன்னால் போய் நிற்கும் போலிருந்தது. நிழலில் கொய்யாப்பழக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

“தப்பா வந்துட்டியா பெர்சு? இது மிலிட்டரி சைடிங்கு, லைனு முடியற எடம். எல்லாரும் முன்னாடியே எறங்கிட்டாங்கோ. நீ மட்டும் ஏன் குந்திகினே வந்த?”

அவர் சொன்ன பக்கமாக நடந்து, பிறகு ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாகத் தொங்கி, கன்னியப்பனின் கடையை அடைந்தேன். தகரக் கொட்டகை. தலை முழுக்க நரைத்திருந்தது. பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தவர் நிமிர்ந்தார்.

“இன்னா சார், நீ உயிரோட கீறியா?”

“இருக்கேன் கன்னியப்பா.”

“குந்து.” ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார். “எதுக்கு வந்தேன்னு நானே சொல்லட்டா? மூணாவது குழி.”

“எப்படித் தெரியும்?”

“வேற எதுக்கு நீ என்னத் தேடிகினு வரப்போற? பொங்கலுக்கு வேட்டி குடுக்கவா?”

டீ வந்தது. இருவரும் குடித்தோம். அன்று நடந்ததை அவர்தான் சொன்னார், நான் தலையாட்டினேன். மழை கூடியிருந்தது. திங்கட்கிழமை அறிக்கை வேண்டும் என்று கட்டுபவரின் ஆள் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குழியில் பத்தடிக்குக் கீழே தடியை இறக்கிச் சுத்தியை அதன்மேல் வைத்தார்கள். வைத்ததும், அடிக்காமலே, தடி தானாக உள்ளே போனது.

“நான் இன்னா சொன்னேன்? ‘சார், இங்க கெணறு இருந்துச்சி, குப்பை போட்டுத் தூத்துட்டாங்கோ, எங்க பெரிப்பா நெலம்தான், எனக்குத் தெரியும்’னேன். நீ இன்னா சொன்ன?”

“நீ எண்ணுற ஆளு, எழுதுற ஆளு நான்னு சொன்னேன்.”

“கரீட்டா ஞாபகம் வச்சிகீற.” சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அதுக்கு அப்பால நீ என்னக் கூப்பிடவே இல்ல. ஊரெல்லாம் கெணறு கெணறுன்னு சொல்லிகினு இருந்தேன்ல.”

உண்மை. ஒன்பது, பதினொன்று, பதினாலு என்று நான் எழுதினேன். இரண்டாவது குழியின் எண்களையே எடுத்து, ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தேன். எண்ணியவர் வாயை மூட அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினேன்.

கன்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். “சார், ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. மத்தியானத்துல கண்ணு அசந்தா சுத்தி விய்ற சத்தம் கேக்குது. டங்குன்னு. நான் எண்றதுக்கு வாயத் தொறப்பேன். நம்பரே வராது.”

நான் சிரிக்கவில்லை. முந்தின நாள் மூன்று மணிக்குக் கேட்டதைச் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் ரயில் போனது. அது போகும்வரை அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை நான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். நம்ப மாட்டாங்க. மறுபடி குழி போட்டுக் காட்டணும்.”

“முக்காலி, சுத்தி, தடி எல்லாம் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா நீ மொதல்ல சொல்லு. சொல்லிட்டு போன் பண்ணு. சொல்லாம பண்ணாத.”

ஞாயிறு காலை கார் நிறுத்தத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய ஃபிளாஸ்கில் டீ, வாழைக்காய் பஜ்ஜி. கல்யாண வீடு போல இருந்தது. தொட்டிகள் இரண்டும் எங்களுக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி கிடந்தன. என்னை ஆஸ்திரேலியா சார் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் வரதராஜன் முன்வரிசையில் இருந்தார்.

“நீங்க சொல்லப்போறது எனக்கே தெரியும் சார்” என்றார் அவர். “வடகிழக்குல கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதானே? ஈசானிய மூலை தாழ்ந்திருந்தா ஐஸ்வர்யம். வாஸ்துவே அப்படித்தான் சொல்லுது. சும்மா கிடைச்ச அதிர்ஷ்டம்!”

எல்லாரும் சிரித்தார்கள். ரேவதி கடிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

நான் எழுந்தேன். மேலே வாசகருக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னேன். இன்னும் குறைந்த வார்த்தைகளில். “இந்த பிளாக்குக்கு அடியில் ஒரு தூர்த்த கிணறு இருக்கிறது. எனக்குத் தெரிந்தே பொய்யாக எழுதினேன். தொட்டியை ஏற்றாதீர்கள். இந்த பிளாக்கில் இருப்பவர்கள் சோதனை முடியும்வரை வேறிடத்தில் தங்குங்கள்.”

பஜ்ஜியைக் கடித்தவர் மெல்லுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “யோவ், வயசான காலத்துல என்னய்யா உளர்ற?” என்றார் ஒருவர். “எங்க புள்ளைங்க அந்த மூலை ரூம்லதான் தூங்குதுங்க” என்றாள் ஒரு பெண். அவள் கத்தவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வரதராஜன் மட்டும், “கதவு தானா திறக்கறதைப் பேய்ன்னு சொன்னப்போ எவ்வளவு நிம்மதியா இருந்தோம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ரேவதி கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். “சார், மத்த ரெண்டு குழி?”

“உண்மை. ‘ஏ’, ‘பி’ பிளாக்குகளுக்குப் பயமில்லை.”

“சமைச்சது மூணாவது மட்டும்தானா?”

“மூணாவது மட்டும்.”

அவர் அச்சடித்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார். கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஏலகிரியை நினைத்தாரோ என்னவோ, அதன்பின் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செந்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தான். கூட்டம் கலைந்த பிறகுதான் அருகில் வந்தான்.

“வாங்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டேனே மாமா.”

“கேட்டே.”

“நல்ல இடம்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

மேலே போனான். அன்று மதியமே வித்யாவையும் இனியாவையும் அம்பத்தூரில் வித்யாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். ஆட்டோவில் ஏறும்போது இனியா, “கதவு அக்கா தனியா இருப்பாங்களே” என்றாள். வித்யா என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் பெட்டி வாசலில் வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அன்று மாலையே கன்னியப்பனுக்கு போன் செய்தேன்.

“சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேன்.”

“செவ்வாக்கெழமை காலீல வரேன்.”

செவ்வாய்க்கிழமை ‘சி’ பிளாக்கின் வடகிழக்கு மூலையை ஒட்டி, மூன்று கம்பங்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலி நின்றது. கப்பியில் கயிறு, கயிற்றில் சுத்தி. இழுப்பதற்குக் கன்னியப்பனின் உறவுக்காரர்கள் நாலு பேர். ‘சி’ பிளாக்கில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. மீதிப் பேர், தொட்டி ஏறாத கோபத்தில், பால்கனிகளில் நின்று பார்த்தார்கள். ரேவதி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, அதை என்னிடம் கொடுத்தார்.

ஐந்தடி ஆழத்தில் முதல் சோதனை. சுத்தி விழுந்தது. டங். “ஒண்ணு” என்றார் கன்னியப்பன். “ரெண்டு. மூணு.” பழைய குரல், கொஞ்சம் உடைந்திருந்தது. பன்னிரண்டு வரை எண்ணினார். நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.

பால்கனியில் கைதட்டினார்கள். “பாத்தீங்களா! கெட்டியாத்தான் இருக்கு! பெரியவருக்கு மூளை கொழம்பிடுச்சு!” என்று ஒருவர் கத்தினார். உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கணம் எனக்கே ஆசை வந்தது. நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ, கிணறே இல்லையோ, இத்தனை வருடமும் வீணாகத்தான் பயந்தேனோ என்று. கன்னியப்பன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேலே கொட்டியது கட்டட இடிபாடு. அது கெட்டியாகத்தான் இருக்கும்.

மறுபடி தோண்டினார்கள். இடிபாடு முடிந்து கறுப்பாக ஏதோ வந்தது. அந்த வாசனை வந்தது. இந்த முறை எல்லாருக்கும் வந்தது. பால்கனியில் சிலர் முந்தானையால் மூக்கை மூடினார்கள். சேற்றில் ஒரு பழைய ரப்பர் செருப்பும், கண்ணாடிப் புட்டியும், மாட்டுக் கொம்பும் வந்தன.

பத்தடியில் தடியை நிறுத்தினார்கள். சுத்தியை மெல்ல அதன் தலையில் வைத்தார்கள். நாலு பேரும் கயிற்றை இழுக்கக் குனிந்தார்கள். கன்னியப்பன் எண்ணுவதற்குக் கையை உயர்த்தி வாயைத் திறந்தார்.

யாரும் இழுக்கவில்லை. தடி அசைந்தது. பிறகு சுத்தியோடு சேர்ந்து, அவசரமில்லாமல், சத்தமில்லாமல், உள்ளே போக ஆரம்பித்தது. அரையடி. ஓர் அடி. அளவுக்காகத் தடியில் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன. கயிறு பிடித்தவர்கள் பயந்து கையை விட்டார்கள். கன்னியப்பனின் வாய் திறந்தபடியே இருந்தது. உயர்த்திய கை அப்படியே நின்றது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

கீழே எங்கோ ஒரு தவளை கத்தி நிறுத்தியது.

என் பின்னால் செந்தில் வந்து நின்றிருந்தான். இரண்டு நாளாக என்னோடு பேசாதவன்.

“எவ்வளவு மாமா?” என்றான்.

“சைபர்டா.”

அவன் தடி மறைந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

“எழுதுங்க.”

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கன்னியப்பன் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். மேலே முதல் மாடியில், காலி வீட்டில், படுக்கையறைக் கதவு திறந்து சுவரில் சாயும் சத்தம் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதை மூட யாரும் போகவில்லை.